லங்காஷயரோட மிகப்பெரிய ஆட்டக்காரர் யாரு: ஆண்டர்சனா, ஸ்டேதமா, நம்ம முரளியா?

2025 ஜூலை 23, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்ட்ல இந்தியா இங்கிலாந்து 4வது டெஸ்ட் ஆரம்பிச்ச அன்னிக்கு, அங்க ஒரு ஸ்டாண்டுக்கு கிளைவ் லாயிட், ஃபரூக் இன்ஜினியர்னு ரெண்டு பேர் பேரையும் சேர்த்து வெச்சாங்க. டிவில பார்த்த நிறைய பேருக்கு அது புரியல. லாயிட் ரெண்டு உலகக்கோப்பை ஜெயிச்ச வெஸ்ட் இண்டீஸ் கேப்டன், இன்ஜினியர் இந்தியாவுக்கு 46 டெஸ்ட் ஆடின பம்பாய் கீப்பர், இவங்க ரெண்டு பேருக்கும் மான்செஸ்டர்ல எதுக்கு ஸ்டாண்டு? அடுத்த கேள்வியும் உடனே வந்துச்சு. ஓல்ட் டிராஃபோர்ட் லங்காஷயர் கவுன்டி கிளப்போட சொந்த கிரவுண்டு, இவங்க ரெண்டு பேரும் அந்த கிளப்புக்கு ஆடினவங்க. அதே கிளப்புக்கு வாசிம் அக்ரம் ஆடிருக்காரு, முரளிதரன் ஆடிருக்காரு, ஆண்டர்சன் அந்த கவுன்டிக்காரரே, அப்போ அவங்களைவிட இவங்க பெரிய ஆளுங்களா?

ஸ்டாண்டுக்கு பேர் வைக்கிறது ரேங்க் போடறது இல்ல, அது முதல்ல. ஆனா கேள்வி நல்ல கேள்வி. ஒரு கவுன்டி கிளப்போட 160 வருஷ வரலாத்துல யாரு பெரிய ஆளுன்னு எப்படித்தான் பார்க்கறது? நம்ம ஊர்ல டெஸ்ட் ஆவரேஜை எடுத்து வெச்சு முடிவு பண்ணிடறோம், அது இங்க செல்லாது. ஏன்னு அடியில இருந்து பார்த்துட்டு வரலாம்.

கவுன்டின்னா என்ன

கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, இங்கிலாந்துல முதல்தர ஆட்டம், அதாவது பல நாள் நடக்கற பெரிய ஆட்டம், ஆடற கவுன்டிங்க 18. கவுன்டி சாம்பியன்ஷிப் முறையா 1890-ல தொடங்குச்சு, நம்ம ரஞ்சி டிராஃபி மாதிரின்னு வெச்சுக்கலாம், ஆனா ரஞ்சியைவிட ரொம்ப பழசு. லங்காஷயர் கிளப் ஆரம்பிச்சது 1864. சாம்பியன்ஷிப்பை தனியா ஜெயிச்சது 1897, 1904, 1926, 1927, 1928, 1930, 1934, 2011-ல. 1950-ல சர்ரேவோட பகிர்ந்துகிட்டாங்க. இந்த வருஷங்களை கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க, 1934-க்கும் 2011-க்கும் நடுவுல இருக்கற பள்ளம் பின்னாடி முக்கியமா வரும்.

ரெண்டு விஷயத்தை குழப்பிக்க வேணாம்.

1. லங்காஷயர் லீக் வேற, லங்காஷயர் கவுன்டி வேற. லீக்ங்கறது நெல்சன், ஹாஸ்லிங்டன் மாதிரி சின்ன ஊர் கிளப்புங்க வாரக்கடைசில ஆடறது. வெஸ்ட் இண்டீஸ் ஆல்ரவுண்டர் லியரி கான்ஸ்டன்டைன் நெல்சன்ல பெரிய ஹீரோ, ஆனா லங்காஷயர் கவுன்டிக்கு ஆடினதே இல்ல.

2. வெளிநாட்டு ஆளுங்க வந்து நேரா கவுன்டில ஆடலாம்னு வழி திறந்தது 1968-ல தான். அதுக்கு முன்னாடி அந்த கவுன்டியிலயே ரெண்டு வருஷம் குடியிருந்தாத்தான் தகுதி. 1920-கள்ல ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெட் மெக்டொனால்ட் நெல்சனுக்கு லீக் ஆடிக்கிட்டே அந்த காலத்தை ஓட்டிட்டுத்தான் கவுன்டிக்குள்ள வந்தாரு. லாயிட், இன்ஜினியர் ரெண்டு பேரும் 1968-ல வந்தவங்க, அதாவது கதவு திறந்த அதே வருஷம்.

கேள்வியே ரெண்டு

"லங்காஷயருக்கு ஆடினவங்கள்ல பெரிய கிரிக்கெட்டர் யாரு" ஒரு கேள்வி, "லங்காஷயர் ஆட்டக்காரரா பெரிய ஆளு யாரு" இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு சிட்னி பார்ன்ஸ்னு கூட சொல்லலாம், டெஸ்ட்ல 16.43 ஆவரேஜ்ல, அதாவது ஒரு விக்கெட்டுக்கு அவ்ளோ ரன்தான் குடுத்து, 189 விக்கெட் எடுத்தவரு, உலக வரலாத்துலயே ரொம்ப மேல இருக்கற பௌலர். ஆனா லங்காஷயருக்கு அவரு முழுசா ஆடினது 1902, 1903 ரெண்டே சீசன். 1903-ல 131 விக்கெட் எடுத்தாரு, அப்புறம் சம்பள விஷயத்துல ஒத்து வராம கிளம்பிட்டாரு. அவரை கவுன்டியோட பெரிய ஆளுன்னு சொன்னா, நம்ம வீட்டுல ரெண்டு மாசம் தங்கிட்டுப் போன விருந்தாளியை குடும்பத் தலைவர்னு சொல்ற மாதிரி இருக்கும்.

அதனால நான் எடுத்துக்கற கேள்வி ரெண்டாவது. அந்த கவுன்டிக்கு என்ன குடுத்தாரு, எவ்ளோ நாள் குடுத்தாரு, கூட ஆடினவங்களைவிட எவ்ளோ மேல நின்னாரு. டெஸ்ட்ல என்ன பண்ணாருங்கறது இங்க சாட்சியா மட்டும் வரும், மார்க்கா வராது.

எண்ணு ஏன் ஏமாத்துது

பழைய ரெக்கார்டை அப்படியே எடுத்து இன்னிக்கு ஆளோட வெச்சு பார்க்க முடியாது. காரணம் மூணு.

1. ஆட்டங்களோட எண்ணிக்கை. 1950-கள்ல ஒரு கவுன்டி ஒரு சீசனுக்கு சாம்பியன்ஷிப்ல 28 மேட்ச் ஆடும். இப்போ 14. பாதிக்குப் பாதி குறைஞ்சுபோச்சு. லங்காஷயருக்கு அதிக விக்கெட் எடுத்தவர் பிரையன் ஸ்டேதம், 1,816. இன்னிக்கு ஒரு பௌலர் வருஷம் தவறாம 55 விக்கெட் எடுத்தாலும், அதுவே பெரிய சீசன், அந்த எண்ணை தொட 33 வருஷம் ஆகும். அதாவது அந்த ரெக்கார்டுக்கு பூட்டு போட்டாச்சு, சாவி யார்கிட்டயும் இல்ல.

2. பிட்ச். இங்கிலாந்துல 1980-கள் ஆரம்பம் வரைக்கும் சாம்பியன்ஷிப்ல பிட்சை முழுசா மூட மாட்டாங்க, மழை பெஞ்சா நனையும். நனைஞ்ச மண்ணு வெயில்ல காயும்போது மேல ஓடு மாதிரி இறுகி அடியில ஈரமா இருக்கும், பந்து ஒண்ணு முட்டிக்கு வரும், அடுத்தது மூக்குக்கு வரும். மான்செஸ்டர் மழை ஊரு, சொல்லவே வேணாம். அதனால பழைய காலத்து பௌலிங் ஆவரேஜ் எல்லாம் குறைவாத்தான் இருக்கும், பேட்டிங் ஆவரேஜும் அதே அளவுக்கு கம்மியாகும்.

3. ஆள் கிடைக்கறது. 2000-ல இங்கிலாந்து போர்டு சென்ட்ரல் கான்ட்ராக்ட் கொண்டு வந்துச்சு, அதுக்கப்புறம் டெஸ்ட் ஆடற ஆளை எப்போ கவுன்டிக்கு விடறதுன்னு போர்டு தான் முடிவு பண்ணும். அதுக்கு முன்னாடி டெஸ்ட் முடிஞ்சா மறுநாளே கவுன்டிக்கு வந்து ஓவர் போடணும். ஆண்டர்சன் எண்ணையும் ஸ்டேதம் எண்ணையும் பக்கத்துல வெச்சா ஆண்டர்சன் சின்னதா தெரியறது இதனாலதான்.

அப்போ என்ன பண்றது? அதே காலத்துல, அதே கிரவுண்டுல, அதே டீம்ல இருந்த அடுத்த ஆளு என்ன பண்ணாருன்னு பார்க்கணும். பிட்ச் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், மழையும் ஒண்ணுதான்.

ஸ்டேதமை அளந்து பார்ப்போம்

ஸ்டேதம் மான்செஸ்டர்ல கோர்ட்டன்ங்கற பகுதில பிறந்தவரு. 1950 ஜூன் 17, தன்னோட 20வது பிறந்தநாள் அன்னிக்கு லங்காஷயருக்கு முதல் மேட்ச் ஆடினாரு, 1968 வரைக்கும் அதே கிளப்தான். 430 முதல்தர மேட்ச், 1,816 விக்கெட், ஆவரேஜ் 15.12.

சரி, மூடாத பிட்ச்ல எல்லாருக்கும் 15 தானே வரும்னு கேக்கலாம். வராது. ஸ்டேதமோட மறு முனைல இருந்து வருஷக்கணக்கா போட்ட கென் ஹிக்ஸ், இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடின நல்ல பௌலர், லங்காஷயருக்கு 1,033 விக்கெட் எடுத்தாரு, ஆவரேஜ் கிட்டத்தட்ட 23. அதே ஓல்ட் டிராஃபோர்ட், ஒரே எதிரணி. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஏறக்குறைய 8 ரன் வித்தியாசம், அது சின்ன விஷயம் இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. ஈரமான பிட்ச் பொதுவா ஸ்பின்னருக்கும் மீடியம் பேஸருக்கும் தான் லாபம். உண்மையான வேகப்பந்து வீச்சாளர் ஓடி வந்து முன் காலை ஊன்றற இடமே வழுக்கும், அவரால முழு வேகத்துல போட முடியாது, பல நாள் கேப்டன் அவரை ஓரமா நிக்க வெச்சுட்டு ஸ்பின்னர்கிட்ட பந்தை குடுத்துடுவாரு. அந்த ஈரத்துலயும் 15.12 வெச்சிருந்தாருன்னா அதுக்கு காரணம் அவரோட குறி தவறாத பந்து வீச்சு, அதாவது பந்து ஸ்டம்பை விட்டு விலகாது. "அவங்க பந்தை தவற விட்டா நான் ஸ்டம்பை அடிச்சிடுவேன்"னு அவரு சொன்னதா எல்லாரும் எடுத்து சொல்ற வாக்கியம் இருக்கே, அதுதான் அவரோட மொத்த முறையும். ரெண்டு தடவை ஒரே மேட்ச்ல 15 விக்கெட் எடுத்திருக்காரு, 1957-ல வார்விக்ஷயரோட, 1964-ல லெஸ்டர்ஷயரோட.

டீம் எப்படி இருந்துச்சுன்னும் பார்க்கணும். அவரு வந்த வருஷம் 1950-ல பகிர்ந்த கோப்பை ஒண்ணு, அதுக்கப்புறம் அவரு இருந்த காலம் பூராவும் சாம்பியன்ஷிப் இல்ல. ஜெயிக்கற டீம்ல விக்கெட் எடுக்கறது ஒரு விதம், பின்னாடி 200 ரன் கூட இல்லாம, பதினெட்டு வருஷம் வருஷா வருஷம் நின்னு போடறது வேற விதம். கடைசியா 1968-ல யார்க்ஷயரோட ஓல்ட் டிராஃபோர்ட்ல ஆடினாரு. யார்க்ஷயர் லங்காஷயர் மேட்சை ரோசஸ் மேட்ச்னு சொல்வாங்க, அங்க இதைவிட பெரிய பகை கிடையாது. அதுல 34 ரன் குடுத்து 6 விக்கெட், யார்க்ஷயர் 61-க்கு ஆல் அவுட். கிளம்பற நாள்லயும் அப்படி ஒரு ஸ்பெல்.

என் கணக்குல அவருதான் முதல் ஆளு. இன்னிக்கு ஓல்ட் டிராஃபோர்டுக்கு வெளிய போற ரோட்டுக்கே பிரையன் ஸ்டேதம் வேனு பேரு.

அப்போ முரளி?

தமிழ் வாசகர்கள் நேரா இங்கதான் வருவீங்க, நியாயம் தான். கண்டிக்காரர் முத்தையா முரளிதரன் லங்காஷயருக்கு 1999, 2001, 2005, 2007 நாலு சீசன்ல வந்து ஆடினாரு. 1999-ல உலகக்கோப்பை முடிச்சுட்டு நடுவுல வந்து, பாதி சீசன்லயே 66 விக்கெட். அந்த வருஷம் லங்காஷயர் சாம்பியன்ஷிப்ல ரெண்டாவது இடம். கென்ட்டுக்கு ஆடின 5 மேட்சையும் சேர்த்தா கவுன்டில மொத்தம் 33 முதல்தர மேட்ச், 236 விக்கெட், ஆவரேஜ் 15.62.

இதை பிரிச்சுப் பாருங்க. ஸ்டேதமுக்கு ஒரு மேட்சுக்கு 4.2 விக்கெட் வருது. முரளிக்கு 7-க்கு மேல. அதுவும் முழுசா மூடின, பேட்ஸ்மேனுக்கு சாதகமான பிட்ச்ல, மத்தவங்க 25, 30 ஆவரேஜ் வெச்சிருந்த காலத்துல. லங்காஷயர் சட்டை போட்டு பந்து வீசினவங்கள்ல ஒரு நாளைக்கு, ஒரு மேட்சுக்கு யாரு ஆபத்தானவர்னு கேட்டா பதில் முரளி தான், இதுல எனக்கு தயக்கம் இல்ல. ஆனா லங்காஷயருக்கு அவரு ஆடினது 28 மேட்ச். ஸ்டேதம் 430. அந்த 402 மேட்ச் வித்தியாசத்தை எந்த ஆவரேஜும் நிரப்பாது. நாம நேசிக்கற ஆளுங்கறதுக்காக அளவுகோலை மாத்தக் கூடாது, பார்ன்ஸுக்கு சொன்னது முரளிக்கும் பொருந்தணும்.

முரளி பேரு வந்தா, முழங்கையை மடக்கி "எறியறாரு"ங்கற பழைய புகாரும் கூட வரும், அது லங்காஷயருக்கு புதுசு இல்ல. 1890-கள்ல ஆர்தர் மோல்ட்னு ஒரு வேகப்பந்து வீச்சாளர், 1,541 விக்கெட், ஸ்டேதமுக்கும் பின்னாடி வரப்போற ஜானி பிரிக்ஸுக்கும் அடுத்த இடம். 1901-ல சொந்த கிரவுண்டுலயே சாமர்செட்டோட ஆடும்போது ஜிம் பிலிப்ஸ்ங்கற அம்பயர் அவருக்கு 10 ஓவர்ல 16 தடவை எறியறதா நோ பால் குடுத்தாரு, அதோட அவரு கேரியர் முடிஞ்சுது. முரளிக்கு 1995 மெல்போர்ன் டெஸ்ட்ல நோ பால் குடுத்தாங்க, ஆனா அதுக்கப்புறம் கையை அளந்து பார்க்கற கருவி இருந்துச்சு, பிறவியிலேயே முழுசா நீட்ட முடியாத முழங்கைன்னு சோதனைல தெரிஞ்சுது, எல்லா பௌலருக்கும் 15 டிகிரி வரைக்கும் அனுமதின்னு விதியும் வந்துச்சு. மோல்டுக்கு அம்பயர் கண்ணு மட்டும்தான் நீதிமன்றம். அதனால மோல்டை ஒரேயடியா தள்ளி வைக்கறது சரியில்ல, ஆனா அந்த 1,541-ஐ ஸ்டேதமோட 1,816 மாதிரி நம்பிக்கையோட எண்ணவும் முடியல. பட்டியல்ல வைக்கலாம், உச்சில வைக்க மாட்டேன்.

பேட்ஸ்மேன்: அண்ணனா தம்பியா

லங்காஷயருக்கு அதிக ரன் எர்னஸ்ட் டில்ட்ஸ்லி, 34,222. ரெண்டாவது அவரோட அண்ணன் ஜானி டில்ட்ஸ்லி, 31,949. ஒரே வீட்டு ரெண்டு பேரு ஒரு கவுன்டியோட முதல் ரெண்டு இடத்தையும் புடிச்சு வெச்சிருக்காங்க. அந்த டீம்ல 1,449 விக்கெட் எடுத்த டிக் டில்ட்ஸ்லின்னு ஒருத்தரும் இருந்தாரு, அவரு இவங்க சொந்தக்காரர் இல்ல, பேரு மட்டும் ஒண்ணு.

தம்பி ஆவரேஜ் 45. 1926-ல தொடர்ந்து 10 இன்னிங்ஸ்ல 50-க்கு மேல எடுத்தாரு. லங்காஷயர் 1926-ல இருந்து தொடர்ந்து மூணு தடவை சாம்பியன் ஆச்சு, அதுல பேட்டிங்கோட முதுகெலும்பு அவருதான். ஆனா 1920-கள்ல பிட்ச் நல்லா இருந்துச்சு, எல்லா கவுன்டிலயும் ரன் குவிஞ்சுது. அண்ணன் 1895-ல இருந்து ஆடினவரு, 40-க்கு மேல ஆவரேஜ், அது பெரும்பாலும் மோசமான பிட்சுங்க இருந்த காலம். ஈரமான பிட்ச்ல அவரை மாதிரி ஆட இங்கிலாந்துல ஆளு கம்மி. 1904 மெல்போர்ன் டெஸ்ட்ல மழைல நாசமான பிட்ச்ல இங்கிலாந்து மொத்தமே 103, அதுல 62 ஜானியோடது. அதே கைதான் மான்செஸ்டர் மழைல வருஷக்கணக்கா லங்காஷயருக்கு ஆடிச்சு. 1901-ல எல்லா முதல்தர மேட்சும் சேர்த்து 3,041 ரன்.

எண்ணுல தம்பி முன்னாடி இருந்தாலும் நான் அண்ணன் பக்கம். அளவுகோல் "கூட ஆடினவங்களைவிட எவ்ளோ மேல"ங்கறதுதான்னா, இதைத் தவிர வேற முடிவுக்கு வர முடியல.

ஆர்ச்சி மெக்லாரனையும் பலர் கேப்பாங்க. 1895-ல டான்டன்ல சாமர்செட்டோட 424 அடிச்சாரு, இங்கிலாந்து மண்ணுல முதல்தர கிரிக்கெட்ல அதுதான் அதிகபட்சம், 1994-ல பிரையன் லாரா 501 அடிக்கற வரைக்கும், அதாவது 99 வருஷம். பிரமாதமான இன்னிங்ஸ். ஆனா ஒரு இன்னிங்ஸ் ஒரு இன்னிங்ஸ்தான்.

ஜானி பிரிக்ஸ்

இவரை எண்ணா மட்டும் சொல்லிட்டுப் போக மனசு வரல. உயரம் கம்மியான இடது கை ஸ்பின்னர். 1879-ல 16 வயசுலயே டீம்ல எடுத்தாங்க, அதுவும் முக்கியமா ஃபீல்டிங்குக்காக. அங்க இருந்து வளர்ந்து லங்காஷயருக்கு 1,696 விக்கெட், 10,000 ரன்னுக்கு மேல. ரெண்டையும் சேர்த்து பண்ணின ஆளு அந்த கிளப்ல வேற யாரும் இல்ல.

1899-ல லீட்ஸ் டெஸ்ட் நடக்கும்போது அவருக்கு வலிப்பு வந்துச்சு. சீசன் பூரா போச்சு, செடில் மனநல மருத்துவமனைல சேர்த்தாங்க. எல்லாரும் முடிஞ்சுதுன்னு நினைச்சாங்க. 1900-ல திரும்பி வந்தாரு, ஓல்ட் டிராஃபோர்ட்ல வூஸ்டர்ஷயரோட ஒரே இன்னிங்ஸ்ல 55 ரன்னுக்கு பத்து விக்கெட்டும் அவரே எடுத்தாரு. அடுத்த வருஷம் நோய் திரும்ப வந்துச்சு, 1902 ஜனவரில இறந்துட்டாரு, வயசு 39. ஆல்ரவுண்டரா லங்காஷயர்ல பிரிக்ஸுக்கு மேல நான் யாரையும் வைக்க மாட்டேன், ஃபிளின்டாஃபையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

எண்ணுல வராத பங்கு: லாயிட், இன்ஜினியர், பாண்ட்

இப்போ ஸ்டாண்டு விஷயத்துக்கு வருவோம். 1960-கள் முடியற நேரத்துல லங்காஷயர் ரொம்ப சோர்ந்து கிடந்த கிளப். 1950-க்கு அப்புறம் பெரிய கோப்பை எதுவும் இல்ல. 1968-ல மூணு விஷயம் ஒண்ணா நடந்துச்சு: ஜாக் பாண்ட் கேப்டன் ஆனாரு, இன்ஜினியர் வந்தாரு, லாயிட் வந்தாரு. இன்னொரு பக்கம் ஒரு நாள் கிரிக்கெட் புதுசா வளர்ந்துட்டு இருந்துச்சு, ஜில்லெட் கோப்பை 1963-ல, ஞாயித்துக்கிழமை 40 ஓவர் லீக் 1969-ல. அந்த ஞாயிறு லீக்கை முதல் ரெண்டு வருஷமும், 1969, 1970, லங்காஷயர் தூக்குச்சு. ஜில்லெட் கோப்பை 1970, 1971, 1972, 1975.

இந்த கோப்பைங்களை வெறும் முதல்தர எண்ணு வெச்சு அளக்கவே முடியாது. லாயிட் லங்காஷயருக்கு 12,700 முதல்தர ரன்னுக்கு மேல, டில்ட்ஸ்லிங்களோட பாதி கூட இல்ல. இன்ஜினியர் 175 மேட்ச், 5,942 ரன், கீப்பரா 429 கேட்ச், 35 ஸ்டம்பிங். கீப்பர்ல ஜார்ஜ் டக்வொர்த் 925 பேரை அவுட் ஆக்கினவரு, எண்ணுல அவரு எங்கயோ மேல இருக்காரு. ஆனா 1972 ஃபைனல்ல லார்ட்ஸ்ல வார்விக்ஷயர் குடுத்த 235-ஐ துரத்தும்போது லாயிட் அடிச்ச 126, அந்த உயரமான ஆளு கவர்ல பாய்ஞ்சு பந்தை எடுத்த விதம், அதைப் பார்க்கறதுக்குன்னே கிரவுண்டு நிறைஞ்சுது. ஒரு கிளப்போட பழக்கத்தையே தோக்கறதுல இருந்து ஜெயிக்கறதுக்கு மாத்தினது பெரிய பங்கு.

இந்த "எண்ணுல வராத"துங்கறது என்னன்னு ஒரு மேட்ச்ல காட்டறேன். 1971 ஜூலை 28, ஓல்ட் டிராஃபோர்ட், ஜில்லெட் கோப்பை அரையிறுதி, எதிரணி குளோஸ்டர்ஷயர், அதுல தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் மைக் புரோக்டர் இருக்காரு. நடுவுல மழை, மேட்ச் இழுத்துக்கிட்டே போய் ராத்திரி ஆயிடுச்சு. விளக்கு வெச்ச கிரவுண்டு இல்ல அது, பெவிலியன்ல விளக்கு எரியுது, பக்கத்து ரயில்வே ஸ்டேஷன்ல விளக்கு எரியுது. வெளிச்சம் இல்லன்னு பாண்ட் சொன்னப்போ, "நிலா தெரியுதுல்ல, இன்னும் எவ்ளோ தூரம் பார்க்கணும்"னு அம்பயர் ஆர்தர் ஜெப்சன் கேட்டதா இன்னிக்கும் சொல்வாங்க. 5 ஓவர், 25 ரன் வேணும், 3 விக்கெட் தான் பாக்கி. டேவிட் ஹியூஸ் உள்ள வந்து ஆஃப் ஸ்பின்னர் ஜான் மார்ட்டிமோர் போட்ட ஒரே ஓவர்ல 4, 6, 2, 2, 4, 6, மொத்தம் 24. மிச்சம் ஒரே ரன், அதை இருட்டுல புரோக்டரோட பந்துல பாண்ட் எடுத்தாரு. மணி 8.50. பிபிசி தன்னோட ராத்திரி செய்தியை தள்ளி வெச்சு இதை காட்டுச்சு. நாடு பூராவும் பார்த்துச்சு.

அதே வருஷம் கென்ட்டோட ஃபைனல்ல கென்ட் பேட்ஸ்மேன் ஆசிஃப் இக்பால் 89 அடிச்சு மேட்சை கையில வெச்சிருந்தாரு. பாண்ட் கவர் பக்கம் பாய்ஞ்சு அவரை கேட்ச் புடிச்சாரு, கென்ட் அங்கயே சரிஞ்சுபோச்சு, லங்காஷயர் 24 ரன்ல ஜெயிச்சுது. பாண்ட் பேட்டிங் ஆவரேஜ் 26 கூட தேறாது, எந்த புள்ளிவிவரப் பட்டியல்லயும் அவரு பேரு மேல வராது. ஆனா லங்காஷயர் ரசிகன்கிட்ட பாண்டை விட்டுட்டு பட்டியல் போட்டுக் காட்டினா கோவிச்சுக்குவான்.

இதையெல்லாம் வெச்சு லாயிடை நான் ஸ்டேதம், ஜானி டில்ட்ஸ்லிக்கு அடுத்து மூணாவதா வைக்கறேன். 1968-ல இருந்து 1986 வரைக்கும், உலகத்துல எங்க கேப்டனா இருந்தாலும், அவரு திரும்பி வந்தது அந்த கிளப்புக்குத்தான். வாசிம் அக்ரமும் கிட்டத்தட்ட அதே மாதிரி, 1988-ல இருந்து 1998 வரைக்கும், 374 முதல்தர விக்கெட், கடைசி வருஷம் கேப்டனா ரெண்டு ஒரு நாள் கோப்பை, சாம்பியன்ஷிப்ல ரெண்டாவது இடம். திறமைல லாயிடுக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சவர் இல்ல, ஆனா பாகிஸ்தானுக்கு ஆட வேண்டி இருந்ததால நடுநடுவுல பல சீசன் துண்டு துண்டா போச்சு.

சாப்பிளும் ஆண்டர்சனும்

இனி வர்ற ஆளுங்களை அளக்கறது இன்னும் கஷ்டம். ஓவர்சீஸ் ஆளு இப்போ சில வாரத்துக்குத்தான் வர்றாரு. நம்ம வாஷிங்டன் சுந்தர் 2022-ல வந்தாரு, முதல் இன்னிங்ஸ்லயே நார்தாம்ப்டன்ஷயரோட 5 விக்கெட் எடுத்தாரு, சந்தோஷமான விஷயம், ஆனா அது வரலாறா ஆகறதுக்குள்ள கான்ட்ராக்ட் முடிஞ்சுடும்.

உள்ளூர் ஆளுங்கள்ல என் மனசுல முதல்ல வர்றது கிளென் சாப்பிள். முதல்தர கிரிக்கெட்ல 985 விக்கெட், இங்கிலாந்துக்கு ஒரே ஒரு ஒரு நாள் மேட்ச், டெஸ்ட்டே இல்ல. 2007-ல கடைசி மேட்ச்ல ஓவல்ல 489 துரத்தி 464-ல விழுந்து, 24 ரன்ல கோப்பை கைநழுவிப் போன டீம்லயும் அவரு இருந்தாரு. நாலு வருஷம் கழிச்சு, 2011 செப்டம்பர், டான்டன், இந்த தடவை சாப்பிள் கேப்டன். பின் தொடை தசை இழுத்துக்கிச்சு, நொண்டிக்கிட்டே ஓவர் போட்டாரு. கடைசியா 34 ஓவர்ல 211 வேணும், 8 விக்கெட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. தனியா சாம்பியன் ஆகி 77 வருஷம் ஆயிருந்துச்சு. டெஸ்ட் ஆவரேஜ் வெச்சுத்தான் ஆளை அளப்போம்னா சாப்பிளுக்கு இடமே இருக்காது, அவரு இல்லாத லங்காஷயர் வரலாறுன்னு ஒண்ணும் இருக்காது.

ஆண்டர்சன் நேர்மாறு. பர்ன்லிக்காரர், 188 டெஸ்ட், 704 விக்கெட், லங்காஷயர் மண்ணு பெத்த ஆளுங்கள்ல அவரைவிட பெரிய கிரிக்கெட்டர் கிடையாது. 2017-ல இருந்து ஓல்ட் டிராஃபோர்ட்ல ஒரு முனைக்கு அவரு பேரு, எதிர் முனை ஸ்டேதம் பேரு. ஆனா 20 வருஷத்துக்கு மேல இங்கிலாந்துக்கு ஆடினதால லங்காஷயருக்கு அவரு குடுத்தது நடுவுல கிடைச்ச வாரங்கள் தான். 2021 ஜூலைல அப்படி ஒரு வாரம் கிடைச்சப்போ, கென்ட்டை 19 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து 74-க்கு சுருட்டினாரு, அதுல அஞ்சாவது விக்கெட், ஹைனோ கூன் கீப்பர் டேன் விலாஸ்கிட்ட கேட்ச் குடுத்தது, அவரோட 1,000-மாவது முதல்தர விக்கெட். அப்போ அவருக்கு வயசு 38. 2024-ல டெஸ்ட்டை விட்டதும் வீட்டுல உக்காராம 2025-ல திரும்ப லங்காஷயருக்கே வந்து ஓவர் போட்டாரு. வர்ற ஒவ்வொரு சீசனும் அவரை இந்தக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்துது, இப்போதைக்கு நான் அவரை பிரிக்ஸுக்கு கீழ, வாசிமுக்கு பக்கத்துல வெச்சிருக்கேன்.